ஸ்டாக்ஃபிஷ், 2020: கையால் எழுதிய மதிப்பீட்டை ஒரு நெட் முந்திய கோடை

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஸ்டாக்ஃபிஷ் செஸ் என்ஜினின் (செஸ் ஆடும் மென்பொருளின்) மூல நிரலில் ஒரு மாற்றம் சேர்ந்தது: பலகையை மதிப்பிட ஒரு நியூரல் நெட்வொர்க், அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்கும் கணக்கு அமைப்பு. சுருக்கமாக நெட். அதுவரை அந்த என்ஜின் ஒரு எலோ, இரண்டு எலோ (ஆட்ட வலிமையை அளக்கும் புள்ளி) என்று எறும்பு சர்க்கரை சேர்ப்பதைப் போலத்தான் வலுவடைந்து வந்தது. இந்த ஒரு மாற்றம் மட்டும் சுமார் 90 எலோ புள்ளிகளைக் கொண்டுவந்தது. கூடவே, பன்னிரண்டு வருடங்களாகப் பலர் கையால் எழுதிச் சேர்த்த செஸ் அறிவின் பெரும்பகுதியைத் தேவையற்றதாக்கவும் தொடங்கியது.

இதை "செயற்கை நுண்ணறிவு வந்தது, வென்றது" என்று இரண்டு வரியில் சொல்லிவிடுவார்கள். என் பார்வையில் அந்தக் கதை பாதிதான். நெட் வருவதற்கு ஏழு வருடம் முன்பே அந்தத் திட்டம் ஏற்படுத்திக்கொண்ட ஒரு சோதனைப் பழக்கம்தான் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் சண்டையில்லாமல் உள்ளே விட்டது. அதைப் பதிவு செய்யவே இந்த ஆய்வு. நான் அந்தத் திட்டத்தின் உறுப்பினன் இல்லை. எல்லோரும் பார்க்கக்கூடிய நிரல் வரலாறும் சோதனை முடிவுகளும்தான் ஆதாரம். இதில் வருபவர்கள் பெரும்பாலும் தங்கள் ஓய்வு நேரத்தில் வேலை செய்த தன்னார்வலர்கள் என்பதால், கட்டுரை வெளியிட்ட ஒருவரைத் தவிர மற்றவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

நார்வேக்காரர் ஒருவர் க்ளாவ்ருங் என்ற திறமூல என்ஜினை எழுதியிருந்தார். 2008இல் இத்தாலிய நிரலாளர் ஒருவர் அதன் 2.1 பதிப்பை எடுத்து, திருத்தி, ஸ்டாக்ஃபிஷ் என்று பெயர் வைத்து வெளியிட்டார். ஸ்டாக்ஃபிஷ் என்றால் உப்பிடாமல் காயவைத்த மீன். நம் ஊர்க் கருவாட்டுக்கு நார்வே உறவு என்று வைத்துக்கொள்ளலாம். நார்வேயில் விளைந்து இத்தாலியில் சமைக்கப்பட்டது என்பது அந்தப் பெயருக்கு அவர்களே சொன்ன விளக்கம். உரிமம் ஜிபிஎல்: யாரும் எடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதை வெளியிட்டால் மூலத்தையும் கொடுக்க வேண்டும்.

இந்த வகை என்ஜினில் இரண்டு பெரிய உறுப்புகள் உண்டு. ஒன்று தேடல்: நான் இதை ஆடினால் அவர் அதை ஆடுவார் என்று நகர்வு மரத்தில் இறங்கிப் பார்ப்பது. ஆல்ஃபா-பீட்டா முறையில், பயனில்லாத கிளைகளை வெட்டிக்கொண்டே போகும். இன்னொன்று மதிப்பீடு: தேடல் நிற்கும் இடத்தில் பலகையைப் பார்த்து, யார் எவ்வளவு மேல் என்று ஒரு எண் கொடுப்பது.

அந்த மதிப்பீடு முழுக்க மனிதக் கையெழுத்து. யானைக்குத் திறந்த வரிசை கிடைத்தால் இத்தனை புள்ளி. சிப்பாய் இரட்டையானால் இத்தனை கழிவு. ராஜாவைச் சுற்றியுள்ள கட்டங்களை எதிரிக் காய்கள் எத்தனை தாக்குகின்றன. குதிரைக்குப் போக எத்தனை கட்டம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள், நடு ஆட்டத்துக்கு ஒன்று, இறுதி ஆட்டத்துக்கு ஒன்று. பலகையில் காய்கள் குறையக் குறைய முதல் எண்ணிலிருந்து இரண்டாவதை நோக்கி நகரும். செஸ் தெரிந்தவர் அந்தக் கோப்பைப் படித்தால் ஒரு பயிற்சிப் புத்தகத்தைப் படிப்பது போலவே இருக்கும். பலருக்கு அதன் மேல் பாசமும் இருந்தது.

சோதனைப் பழக்கம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

ஒரு என்ஜினில் ஏதோ ஒரு எண்ணை மாற்றுகிறீர்கள். பழைய பதிப்போடு ஆயிரம் ஆட்டம் ஆட விடுகிறீர்கள். புதியது ஐந்து எலோ அதிகம் காட்டுகிறது. சந்தோஷப்பட முடியாது. ஆயிரம் ஆட்டத்தில் பிழை எல்லையே இரு பக்கமும் பத்து எலோவுக்கு மேல் வரும். நிஜமான முன்னேற்றமோ ஒன்று, இரண்டு எலோதான். அதைத் தற்செயலிலிருந்து பிரித்துப் பார்க்கப் பல்லாயிரம் ஆட்டங்கள் வேண்டும். வீட்டில் ஒரு கணினி வைத்திருப்பவருக்கு இது நடக்காத காரியம். அதனால் பழைய நாட்களில் பெரும்பாலான அமெச்சூர் என்ஜின்கள் நம்பிக்கையில் ஓடின. "இந்த மாற்றம் நல்லதாகத்தான் தெரிகிறது" என்று சேர்ப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் என்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கும்.

2013இல் பங்களிப்பாளர் ஒருவர் ஃபிஷ்டெஸ்ட் என்ற அமைப்பை எழுதினார். உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தைக் கொடுக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு பேட்சை (நிரலில் செய்யும் மாற்றத்தை) சோதனைக்கு அனுப்பலாம். ஆட்டங்கள் அந்தக் கணினிகளுக்குப் பங்கிடப்பட்டு, முடிவுகள் ஓரிடத்தில் சேர்கின்றன.

எத்தனை ஆட்டம் ஆடுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. எஸ்பிஆர்டி என்ற புள்ளியியல் முறையைப் பயன்படுத்துகிறார்கள். "இந்தப் பேட்ச் உதவாது", "இது குறைந்தது இவ்வளவு உதவும்" என்ற இரண்டு ஊகங்களை எதிரெதிரே நிறுத்தி, ஆட்டங்கள் வர வர எது பக்கம் தராசு சாய்கிறது என்று கணக்கிடுவது. கணக்கு 2.94ஐத் தொட்டால் பேட்ச் தேறியது, மைனஸ் 2.94ஐத் தொட்டால் தோற்றது. அந்த எண் இரு பக்கமும் 5 சதவீதத் தவறு என்ற எல்லையிலிருந்து வருகிறது. வெளிப்படையாக மோசமான யோசனை சீக்கிரம் விழுந்துவிடும். கணினி நேரம் மிச்சம். முதல் சுற்று 10 வினாடியும் நகர்வுக்கு 0.1 வினாடியும் கொண்ட குறு ஆட்டங்கள். அதில் தேறினால் 60 வினாடியும் 0.6 வினாடியும் கொண்ட நீள ஆட்டங்கள். இரண்டிலும் தேறினால்தான் உள்ளே. வரும் யோசனைகளில் பெரும்பாலானவை தோற்கின்றன.

இதில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. ஒரு பேட்ச் நிரலைக் குறைக்கிறது, எளிமையாக்குகிறது என்றால் அது எலோ ஏற்ற வேண்டியதில்லை. இறக்காமல் இருந்தாலே போதும். அதாவது, ஒரு காலத்தில் கஷ்டப்பட்டு நுழைந்த வரி இப்போது வேலை செய்யவில்லை என்றால் அதை யார் வேண்டுமானாலும் நீக்கச் சோதனை போடலாம். எழுதியவர் வருத்தப்படலாம், தடுக்க முடியாது.

இப்படி ஏழு வருடம் வாழ்ந்த ஒரு கூட்டத்தில் வாக்குவாதத்தின் வடிவமே மாறிவிடுகிறது. கிராண்ட்மாஸ்டர் சொன்னாலும் கல்லூரி மாணவர் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: சரி, சோதனைக்கு அனுப்புங்கள்.

வெளியிலிருந்து விழுந்த அடிகள்

2017 டிசம்பரில் ஆல்ஃபாஸீரோ செய்தி வந்தது. தனக்குத் தானே ஆடிக் கற்ற ஒரு நியூரல் நெட்வொர்க், ஸ்டாக்ஃபிஷ் 8ஐ 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா, தோல்வி இல்லை என்று முடித்தது. வினாடிக்கு ஏழு கோடி நிலைகளைப் பார்த்த ஸ்டாக்ஃபிஷுக்கு எதிராக அது பார்த்தது சுமார் எண்பதாயிரம்தான். போட்டி நிபந்தனைகள் பற்றி நியாயமான புகார்கள் எழுந்தன: ஏற்கெனவே பார்த்த நிலைகளைச் சேமிக்க ஒரு ஜிபி ஹேஷ் நினைவகம் மட்டும், நகர்வுக்கு ஒரு நிமிடம் என்ற செயற்கையான நேரக் கட்டுப்பாடு, பழைய பதிப்பு. புகார்களைத் தள்ளிவிட்டாலும், நெட் பலகையைப் பார்க்கும் விதத்தில் ஏதோ இருக்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்தது.

அடுத்த வருடமே அதே வழியில் லீலா என்ற திறமூல என்ஜின் வளர ஆரம்பித்தது. 2019இல் டிசிஇசி என்ஜின் போட்டியின் 15வது பருவ இறுதியில் அது ஸ்டாக்ஃபிஷைத் தோற்கடித்தது. 2020 வசந்தத்தில் 17வது பருவத்திலும் அதுவே. ஆனால் 2020 கோடையில் 18வது பருவத்தை ஸ்டாக்ஃபிஷ் பழைய மதிப்பீட்டுடனேயே திரும்பப் பிடித்தது. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. நெட்டை ஏற்றுக்கொண்டபோது அவர்கள் தோற்று மூலையில் நிற்கவில்லை. கையில் பட்டம் இருந்தது.

நெட்டை அப்படியே எடுத்துப் பொருத்துவதில் ஒரு தடை இருந்தது. லீலா மாதிரி நெட்டுகளுக்கு ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) வேண்டும். ஜிபியு நிலைகளை மூட்டையாகக் கொடுத்தால்தான் வேகம் காட்டும். ஆல்ஃபா-பீட்டாவோ ஒரு நிலையின் மதிப்பைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்து எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யும். மூட்டை கட்ட வழியில்லை.

ஷோகியிலிருந்து வந்த வழி

விடை வந்த இடம் ஜப்பான், அதுவும் செஸ்ஸுக்காக அல்லாமல் ஜப்பானியச் செஸ்ஸான ஷோகிக்காக. ஷோகி என்ஜின்களில் ராஜா இருக்கும் கட்டத்தோடு மற்றக் காய்களைச் சேர்த்துப் பெரிய அட்டவணைகளாக மதிப்பிடும் மரபு ஏற்கெனவே இருந்தது. 2018இல் யூ நாசு என்ற ஷோகி நிரலாளர் அதிலிருந்து ஒரு சிறிய நெட்டை வடிவமைத்தார். எளிதில் புதுப்பிக்கக்கூடிய நியூரல் நெட்வொர்க் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டால் வருவது என்என்யுஇ.

அதன் சாமர்த்தியம் முதல் அடுக்கில் இருக்கிறது. செஸ்ஸுக்கு வந்த வடிவத்தைச் சொல்கிறேன். உள்ளீடு என்பது "என் ராஜா இந்தக் கட்டத்தில், இந்த வகைக் காய் அந்தக் கட்டத்தில்" என்ற ஜோடி. ராஜாவுக்கு 64 கட்டம், மற்றக் காய்களில் இரு நிறமும் சேர்த்து 10 வகை, அவற்றுக்கு 64 கட்டம்: மொத்தம் நாற்பதாயிரத்துக்கு மேல் உள்ளீடுகள். ஆனால் எந்த நேரத்திலும் அவற்றில் முப்பதுக்கு மேல் உயிரோடு இருக்காது, ஏனென்றால் ராஜாக்களைத் தவிர்த்தால் பலகையில் அதிகபட்சம் முப்பது காய்கள்தான். ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் 256 எண்கள். உயிருள்ள உள்ளீடுகளின் எண்களைக் கூட்டினால் முதல் அடுக்கு தயார். இரு பக்க ராஜாவுக்கும் தனித்தனியாக இதைச் செய்து ஒட்டினால் 512 எண்கள். அதற்குப் பிறகு 32, இன்னொரு 32, கடைசியில் ஒரே ஒரு எண்.

ஒரு குதிரை நகர்ந்தால் என்ன மாறுகிறது? பழைய கட்டத்துக்கான 256 எண்களைக் கழிக்க வேண்டும், புதிய கட்டத்துக்கானதைக் கூட்ட வேண்டும். காயை வெட்டியிருந்தால் இன்னொரு கழித்தல். மற்றதெல்லாம் அப்படியே. வீட்டுக் கணக்கு நோட்டில் ஒரு செலவு மாறினால் மாதக் கணக்கு முழுவதையும் திரும்பக் கூட்டாமல், மாறியதை மட்டும் கழித்துக் கூட்டுவோமே, அதே வேலை. ராஜா நகரும்போது மட்டும் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து கூட்ட வேண்டும். எண்கள் எல்லாம் சின்ன முழு எண்கள் என்பதால் இன்றைய சிபியுக்கள் ஒரே கட்டளையில் பலவற்றைக் கூட்டிவிடும். ஜிபியு தேவையில்லை, மூட்டையும் தேவையில்லை. ஆல்ஃபா-பீட்டாவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

கவனித்தவை

ஷோகி என்ஜின் எழுதிக்கொண்டிருந்த ஜப்பானிய நிரலாளர் ஒருவர் இதை ஸ்டாக்ஃபிஷின் ஒரு கிளையில் (தனியாகப் பிரித்தெடுத்த நகலில்) பொருத்தி, நெட்டைப் பயிற்றுவிக்கும் நிரலையும் சேர்த்து வெளியிட்டார். 2020 நடுவில் செஸ் என்ஜின் ஆர்வலர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். பயிற்சி முறை எளிமையானது: ஸ்டாக்ஃபிஷைத் தனக்குத் தானே ஆட விட்டு, வரும் நிலைகளையும் ஓரளவு ஆழத்தில் தேடிக் கிடைத்த மதிப்பையும் கோடிக்கணக்கில் சேமிப்பது, பிறகு, தேடாமலேயே அந்த மதிப்பைச் சொல்லும்படி நெட்டைப் பழக்குவது. சில நகர்வு தள்ளி இருக்கும் விஷயத்தை இந்த நிலையைப் பார்த்தே மோப்பம் பிடிக்க நெட் கற்றுக்கொள்கிறது.

மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன. நெட் போட்டதும் என்ஜினின் வேகம் சரிந்தது. பல கணினிகளில் வினாடிக்குப் பார்க்கும் நிலைகள் பாதியை நெருங்கின. அப்படியும் ஆட்டங்களை வென்றது. அதை விட ஆச்சரியம், தேடல் பகுதியில் யாரும் கை வைக்கவில்லை. பழைய மதிப்பீட்டுக்காக வருடக்கணக்கில் சீர்செய்த அதே தேடல்தான், அப்படியும் வென்றது.

வீட்டுச் சோதனை முடிவுகளை யாரும் உடனே நம்பிவிடவில்லை. இந்தத் துறையில் ஒருவர் பெரிய எலோ ஏற்றம் என்று சொன்னால் முதலில் சந்தேகம்தான் வரும். பல நேரம் எதிராளி என்ஜின் தவறாக கம்பைல் ஆகியிருக்கும், அல்லது ஒரே திறப்பை (தொடக்க நகர்வுகளை) நூறு தடவை ஆடியிருப்பார்கள். ஆகவே கேள்வி, நெட் நல்லதா கெட்டதா என்பதாக இல்லை. அதை நம் தராசில் எப்படி ஏற்றுவது என்பதாக இருந்தது.

எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி, தனிக் கிளையாகவே விடுவதா, மூலத்தில் சேர்ப்பதா. தனியாக விட்டிருந்தால் பழைய என்ஜினில் நடக்கும் ஒவ்வொரு தேடல் முன்னேற்றத்தையும் அந்தக் கிளைக்கு யாராவது சுமந்துகொண்டே இருக்க வேண்டும். சோதனைக் கணினிகளும் இரண்டாகப் பிரியும். சேர்ப்பது என்று முடிவானது. ஆனால் முழுவதையும் சேர்க்கவில்லை. நெட்டைப் படித்துக் கணக்கிடும் பகுதியைச் சுத்தம் செய்து எடுத்துக்கொண்டு, பயிற்சி நிரலை வெளியிலேயே வைத்தார்கள். ஆடும் நிரல் சின்னதாகவும் வெளி நூலகங்களைச் சாராமலும் இருக்க வேண்டும் என்பது ஸ்டாக்ஃபிஷின் நீண்ட நாள் பிடிவாதம். அந்தப் பிடிவாதம் இங்கே உதவியது என்றே நினைக்கிறேன். இதற்கு ஒரு விலையும் இருந்தது, கீழே வருகிறேன்.

இரண்டாவது, பழையதைத் தூக்கிப் போடவில்லை. இரண்டு மதிப்பீடும் உள்ளே இருக்கும், ஒரு சுவிட்ச் வழியாக எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் நாள் அந்த சுவிட்ச் பழைய மதிப்பீட்டின் பக்கமே இருந்தது. நெட் வந்ததால் பழைய மதிப்பீட்டுடன் ஓடும் என்ஜின் மெதுவாகவில்லை என்பதையும் தனியாகச் சோதித்தார்கள். பழைய கணினி வைத்திருப்பவருக்கு நேற்று ஓடியது இன்றும் அப்படியே ஓடும். எதிர்ப்பு பெரிதாக எழாமல் போனதற்கு எலோவுக்கு அடுத்த காரணம் இதுதான்.

மூன்றாவது சிக்கல், ஒரு நெட் கோப்பு சுமார் 20 எம்பி. அதை மூல நிரலுக்குள் வைத்தால் ஒவ்வொரு புதிய நெட்டுக்கும் களஞ்சியம் (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் இடம்) வீங்கும். ஆகவே நெட்டுகள் ஃபிஷ்டெஸ்ட் சர்வரில் இருக்கும்; நிரல் அவற்றின் பெயரை மட்டும் சொல்லும். பெயர் என்பது அந்தக் கோப்பின் ஷா-256 கைரேகையின் முதல் 12 எழுத்துகள். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் பெயர் பொருந்தாது. எந்த நெட்டைச் சோதித்தோம் என்பதில் பின்னால் யாருக்கும் குழப்பம் வர வழியில்லை. சாதாரண முடிவு மாதிரித் தெரியும். ஆனால் இதனால்தான் நெட்டும் இன்னொரு பேட்ச் மாதிரியே சோதனை வரிசையில் நிற்க முடிந்தது.

முடிவு எண்கள்

சேர்க்கும்போது பதிவான சோதனைகள் இவை. 10 வினாடி ஆட்டங்கள், ஒரே த்ரெட் (இணையாக ஓடும் கணக்கு இழை): 60,000 ஆட்டங்களில் நெட் 24,193 வெற்றி, 8,543 தோல்வி, மற்றது டிரா. கணக்கிட்டால் 92.77 எலோ, கூடக் குறைய 2.1. அடுத்தது 20 வினாடி ஆட்டங்கள், எட்டு த்ரெட்: 40,000 ஆட்டங்களில் 12,756 வெற்றி, 2,677 தோல்வி. 89.47 எலோ.

இரண்டாவதில் தோல்விகள் எவ்வளவு குறைந்திருக்கின்றன என்று பாருங்கள். அதிக நேரமும் அதிக த்ரெட்டும் கொடுத்தால் இரு தரப்பும் நன்றாக ஆடும், டிரா பெருகும், எலோ வித்தியாசம் சுருங்கும். என்ஜின் சோதனையில் வழக்கமாக நடப்பது அது. இங்கே கிட்டத்தட்ட சுருங்கவே இல்லை. ஒரு எலோவுக்கு வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் இந்த எண்களைப் பார்த்தபோது பேச அதிகம் இல்லை.

அதற்குப் பிறகு

சில நாட்களிலேயே அந்த சுவிட்ச் நெட்டின் பக்கம் திரும்பியது. அதே மாதத்தில் இன்னொரு நல்ல யோசனை தேறியது: ஒரு பக்கம் காய்களில் மிகவும் முன்னே இருந்தால் நெட்டைக் கேட்காமல் பழைய மதிப்பீட்டையே கேட்பது. ராணி ஒன்று அதிகம் இருக்கும் நிலையில் நுணுக்கம் எதற்கு? வேகம் மிச்சம். இப்படிப் புதியதும் பழையதும் கலந்த கலவையாக, நெட் கோப்பும் உள்ளேயே பொதிந்து, செப்டம்பர் 2ஆம் தேதி ஸ்டாக்ஃபிஷ் 12 வந்தது. ஒரே திறப்பை இரு நிறத்திலும் ஆடும் ஆட்ட ஜோடிகளில், முந்தைய 11ஆம் பதிப்பிடம் தோற்றதைப் போல் பத்து மடங்கு வென்றது.

பங்களிப்பவர்களின் வேலை மாறியது. மதிப்பீட்டில் ஒரு வரி சேர்க்கும் பேட்ச்கள் மெல்ல வற்றின. அந்த இடத்தில் தரவு சேகரிப்பவர்கள், பயிற்சி செய்முறையை மாற்றிப் பார்ப்பவர்கள், சிபியு கட்டளைகளைச் சீராக்குபவர்கள் வந்தார்கள். 2021இல் வந்த 14ஆம் பதிப்புக்கு லீலா திட்டத்தின் தரவு பயன்பட்டது. நேற்றைய எதிராளியின் திறந்த தரவு இன்றைக்குப் பாடப்புத்தகம். 256 எண்களில் தொடங்கிய முதல் அடுக்கு, 2024இன் 17ஆம் பதிப்பில் 3072 ஆகியிருந்தது.

பக்க விளைவுகளும் வந்தன. என்ஜின் வலுவடைந்ததால் சமமான திறப்புகளில் ஆட்டங்கள் டிராவாகவே முடிந்தன. சோதனைக்கு உயிர் கொடுக்க வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த திறப்புகளுக்கு மாற வேண்டியிருந்தது. நெட் சொல்லும் எண்ணுக்கும் "ஒரு சிப்பாய் மதிப்பு" என்ற பழைய அளவுக்கும் தொடர்பு அறுந்துபோனது. 2022 டிசம்பரின் 15.1இல்தான் அதற்கு ஒரு புதிய பொருள் கொடுத்தார்கள்: +1.00 என்றால் வெல்ல 50 சதவீத வாய்ப்பு. உரிமத்திலும் சோதனை வந்தது. ஒரு வணிக நிறுவனம் இந்த நிரலின் மேல் தன் நெட்டைப் பொருத்தி விற்றது. ஜிபிஎல் மீறல் என்று மேம்பாட்டாளர்கள் 2021இல் ஜெர்மனியில் வழக்குப் போட்டார்கள். 2022 நவம்பரில் உடன்பாட்டில் முடிந்தது. மதிப்பின் பெரும்பகுதி ஒரு எண் கோப்புக்குள் போய்விட்டால் "மூலம்" என்பது எது என்ற கேள்வி இனியும் வரும் என்றே தோன்றுகிறது.

கையால் எழுதிய மதிப்பீட்டின் முடிவு சத்தமில்லாமல் நடந்தது. நெட் வேகமாகவும் நன்றாகவும் ஆக ஆக, பழையதைக் கேட்கும் சந்தர்ப்பங்கள் குறைந்தன. 2023இல் ஒருவழியாக அதை முழுக்க நீக்கும் பேட்ச் சேர்ந்தது. நீக்குவதற்குப் பொருந்திய விதி அதே பழைய எளிமைப்படுத்தல் விதிதான்: எலோ இறங்கவில்லை, நிரல் குறைகிறது, ஆகவே போகலாம். 2024 பிப்ரவரியில் வந்த 16.1 அது இல்லாத முதல் பதிப்பு. வேடிக்கை என்னவென்றால், காய்கள் ஒரு பக்கம் சாய்ந்த நிலையில் மலிவான மதிப்பீடு போதும் என்ற 2020 யோசனை அதே 16.1இல் திரும்பி வந்தது. இந்த முறை அந்த இடத்தில் உட்கார்ந்தது இரண்டாவதாக ஒரு குட்டி நெட்.

மறுபடி செய்தால்

முடிவுகள் சரியாக அமைந்த நிகழ்வு என்பதால் குறை சொல்லக் கொஞ்சம் தேட வேண்டியிருக்கிறது. தேடினால் மூன்று கிடைக்கிறது.

பயிற்சி நிரலை வெளியே வைத்ததன் விலையைச் சொன்னேன் அல்லவா. முதல் நெட்டுகள் தன்னார்வலர்களின் வீட்டுக் கணினிகளில் பிறந்தவை. அதே நெட்டை இன்னொருவர் முதலிலிருந்து உருவாக்கிக் காட்டத் தேவையான தரவும் செய்முறையும் என்ஜின் களஞ்சியத்தில் இல்லை. நெட் சோதனையில் தேறியதா என்பதுதான் கேட்கப்பட்டது. எப்படிச் செய்தீர்கள் என்பது ஆரம்பத்தில் அதே கறாரோடு கேட்கப்படவில்லை. பின்னாளில் நெட் சேர்க்கும் குறிப்புகளில் எந்தத் தரவு, எந்த வரிசை என்று விவரமாக எழுதும் வழக்கம் வந்தது. அது முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு பயன்பாட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பழைய மதிப்பீட்டிடம் "ஏன் வெள்ளை மேல்?" என்று கேட்டால், ராஜா பாதுகாப்புக்கு இவ்வளவு, சிப்பாய் அமைப்புக்கு இவ்வளவு என்று அட்டவணை போட்டுக் காட்டும். பயிற்சியாளர்களுக்கும் நிரல் படிக்கும் மாணவர்களுக்கும் அது உதவியது. நெட்டால் இந்தக் கணக்கைப் பிரித்துக் காட்ட முடியாது. எலோ தராசில் விளக்கத்துக்கு எடை கிடையாது. எளிமைப்படுத்தல் விதி அதை ஒரு சுமையாகத்தான் பார்த்தது. விளக்கத்துக்காக மட்டும் அந்தப் பகுதியைத் தனிக் கருவியாகப் பிரித்து வைத்திருக்கலாம். என்ஜினுக்குள் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. யூ நாசுவின் கட்டுரை 2018இலேயே இருந்தது, ஜப்பானிய மொழியில். செஸ் பக்கம் அது எட்ட ஏறக்குறைய இரண்டு வருடம் ஆனது. இத்தனைக்கும் இரண்டு கூட்டத்துக்கும் ஏற்கெனவே உறவு உண்டு. அந்த நெட்டைப் பிரபலமாக்கிய ஷோகி என்ஜினான யானேஉராஓ தன் தேடலை ஸ்டாக்ஃபிஷிலிருந்து கற்றுக்கொண்ட ஒன்று. ஷோகிக்காரர்கள் ஸ்டாக்ஃபிஷின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரி வரியாகப் படித்துவந்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தக் களஞ்சியத்தைத் தொடர்ந்து திறந்து பார்க்க ஆள் இல்லை. கடைசியில் பாலம் போட்டவரும் அந்தக் கரையிலிருந்துதான் வந்தார்.